ஹெட்செட் மைக்கில் ஒலி கசிகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் கணினி பழுது பார்க்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கோவைப் பக்கம், கோபாலபுரம் வழியாகப் போனால் பொள்ளாச்சி. எல்லைக்கு இந்தப் பக்கம் குடியிருந்து அந்தப் பக்கத்து ஆசிரியரிடம் இணையத்தில் படிக்கும் பிள்ளைகள், வீட்டிலிருந்தே கோவை அலுவலகத்துக்கு வேலை செய்பவர்கள், வளைகுடா நாட்டில் இருக்கும் மகனோடு தினமும் பேசும் அம்மாக்கள் என்று பலரும் ஹெட்செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். பாதிப் பேரின் குறை ஒன்றேதான்: மைக்கில் தங்கள் குரலைத் தவிர வேறு ஒலியும் போகிறது. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

எதிர்முனையில் இருப்பவர், "நான் பேசுவது எனக்கே திரும்பிக் கேட்கிறது" என்கிறார். பழுது அவரிடமா, என்னிடமா?

பெரும்பாலும் உங்களிடம்தான். அவர் குரல் உங்கள் காதுக்கு வருகிறது. அங்கிருந்து எப்படியோ உங்கள் மைக்குக்குள் நுழைகிறது. அரை நொடி கழித்து அவரிடமே போய்ச் சேருகிறது. பழுதுள்ளவருக்கு எதுவும் தெரியாது, மற்றவர்தான் அவதிப்படுவார். இது புரியாததால் எவ்வளவு பணம் வீணாகிறது தெரியுமா? பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்திக்குப் பொள்ளாச்சியிலிருந்து ஓர் ஆசிரியர் கணக்கு சொல்லிக் கொடுத்தார். எதிரொலி தாங்காமல் அவர் இரண்டு முறை புது ஹெட்செட் வாங்கிவிட்டார். கசிவோ மாணவியின் ஹெட்செட்டில் இருந்தது.

பலர் சேர்ந்து பேசும்போது ஒவ்வொருவராக மைக்கை அணைத்துப் பாருங்கள். யார் அணைத்ததும் எதிரொலி நிற்கிறதோ, அவர் பக்கம்தான் கசிவு இருக்கிறது. ஒரே அறையில் ஒரு கணினியும் ஒரு கைபேசியும் அதே உரையாடலில் இணைந்திருந்தாலும் இப்படிக் கேட்கும். அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

ஒலி எந்த வழியாகக் கசிகிறது?

மூன்று வழிகள். முதலாவது காற்று: காதில் ஒலிப்பது வெளியே வந்து மைக்கில் விழுகிறது. இரண்டாவது கம்பி: ஹெட்செட் வயருக்குள்ளோ அதன் முனையில் செருகும் பின்னிலோ காதுக்குப் போகும் மின்சாரம் மைக்கின் பாதையில் கலக்கிறது. மூன்றாவது மென்பொருள்: கணினியே தன்னில் ஓடும் ஒலியை மைக் என்று எண்ணி அனுப்பிவிடுகிறது. எந்த வழி என்று தெரியாமல் புது ஹெட்செட் வாங்காதீர்கள். மென்பொருள் வழியில் கசிந்தால் எவ்வளவு விலை உயர்ந்த ஹெட்செட்டும் அதைத் தடுக்காது.

எந்த வழி என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? எதிர்முனையில் யாராவது இருக்க வேண்டுமா?

யாரும் வேண்டாம். விண்டோஸில் குரல் பதிவுச் செயலி ஒன்று உண்டு. அதைத் திறந்து பதிவைத் தொடங்குங்கள். ஒரு பாட்டை வழக்கமான சத்தத்தில் ஓடவிடுங்கள். நீங்கள் வாயே திறக்காதீர்கள். அரை நிமிடம் கழித்து நிறுத்திப் பதிவைக் கேளுங்கள். பாட்டு கேட்டால் கசிவு இருக்கிறது. இனி இதே சோதனையைச் சிறு மாற்றங்களோடு செய்ய வேண்டும்.

வயரில் மைக்கை அணைக்கும் பொத்தான் இருந்தால் அதை அணைத்துப் பதிவு செய்யுங்கள். அப்போதும் பாட்டு பதிவானால் காற்று வழி இல்லை. காது கேளாத மைக்குக்குள் காற்று எதைக் கொண்டுபோகும்?

இரட்டைப் பின் உள்ள ஹெட்செட் என்றால், பச்சை சாக்கெட்டில் இருக்கும் காது பின்னை உருவிவிட்டு, இளஞ்சிவப்பு சாக்கெட்டில் மைக் பின்னை மட்டும் விடுங்கள். வெளியே எந்த ஸ்பீக்கரிலும் பாட்டு ஒலிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் பாட்டு பதிவானால் கணினிக்குள்ளேயே கசிகிறது. மென்பொருள் அமைப்பைப் பாருங்கள். நின்றுவிட்டால் காற்று அல்லது கம்பி. பின்னை மறுபடி செருகி, இரண்டு காது மூடிகளையும் தடித்த துண்டில் நன்றாகச் சுற்றி, மைக் தண்டை வெளியே எட்டத் திருப்பி வைத்துப் பதிவு செய்யுங்கள். கசிவு மறைந்தால் அது காற்று. கொஞ்சமும் குறையாமல் இருந்தால் கம்பி.

ஒற்றைப் பின் ஹெட்செட்டில் காதை மட்டும் உருவ முடியாது. அதில் துண்டுச் சோதனையோடு, வயரில் இருக்கும் ஒலிச் சக்கரத்தை முழுவதும் குறைத்து ஒரு முறை பதிவு செய்யுங்கள். அப்போதும் பாட்டு அப்படியே வந்தால் சந்தேகம் மென்பொருள் மீது போக வேண்டும்.

காற்று வழிக் கசிவு என்று தெரிந்துவிட்டது. என்ன செய்யலாம்?

முதலில் காது மெத்தையைத் தொட்டுப் பாருங்கள். எங்கள் ஊர் வெயிலில் அந்த ரெக்சின் தோல் ஓரிரு வருடத்தில் உரிந்து கருப்புச் செதிலாகக் கன்னத்தில் ஒட்டும். உரிந்த இடமெல்லாம் ஒலி வெளியே போகும் ஓட்டை. மெத்தை மட்டும் தனியாகக் கிடைக்கிறது, அளவு பார்த்து மாற்றினால் போதும். பின்பக்கம் வலையாகத் திறந்திருக்கும் ஹெட்போன் பாட்டு கேட்க அருமையாக இருக்கும். ஆனால் அதன் ஒலி வெளியே போவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. அதோடு தனி மைக் வைத்துப் பேசினால் கசிவது இயல்பு.

அடுத்தது மைக் இருக்கும் இடம். காசு செலவில்லாத மருந்து இதுதான், ஆனால் யாரும் செய்வதில்லை. மைக்கை உதட்டின் ஓரத்துக்கு, இரண்டு விரல் அகல தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். நேர் எதிரே வேண்டாம், மூச்சு அடிக்கும். தூரம் இரு மடங்கானால் உங்கள் குரல் 6 டெசிபல் (ஒலியளவைச் சொல்லும் அலகு) குறைகிறது. மூன்று சென்டிமீட்டரில் இருந்த மைக்கைப் பதினைந்துக்கு நகர்த்தினால் ஏறக்குறைய 14 டெசிபல் போய்விடும். அதை ஈடுகட்ட மைக்கின் அளவை ஏற்றுகிறோம். ஏற்றும்போது கசிவும் கூடவே ஏறுகிறது. மைக்கை அருகில் கொண்டுவந்து அளவைக் குறைத்தால் இரண்டும் சரியாகும்.

கம்பி வழியாக ஒலி எப்படிக் கசியும்? வயர் அறுபடவில்லையே?

அறுபட வேண்டியதில்லை. ஒற்றைப் பின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள்: மூன்று கருப்பு வளையங்கள், நான்கு உலோகப் பட்டைகள். இடது காது, வலது காது, எர்த், மைக். இடது காதும் வலது காதும் மைக்கும் மின்சாரத்தைத் திருப்பி அனுப்புவது அந்த ஒரே எர்த் கம்பி வழியாகத்தான். பிரச்சினை பிறப்பது அங்கே.

ஓர் உதாரணக் கணக்கு. ஒவ்வொரு காதின் ஒலிபெருக்கிக்கும் 32 ஓம். சத்தத்தை நன்றாக ஏற்றினால் 0.3 வோல்ட் வருகிறது என்று வையுங்கள். காதுக்கு 9 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல், இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 19. பொது எர்த் கம்பியில் அரை ஓம் தடை இருந்தால் அதில் 9 மில்லி வோல்ட் எழும்பும். சின்ன மைக்கிலிருந்து உங்கள் பேச்சுக்குக் கிடைப்பதும் சில மில்லி வோல்ட்தான். குரலும் கசிவும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. மெல்லிய வயர் போட்ட மலிவான ஹெட்செட்டில் இது அதிகமாகத் தெரிவதற்குக் காரணம் இந்த அரை ஓம்.

பின்னில் பச்சை படிந்தாலும் சாக்கெட் தளர்ந்தாலும் எர்த்தின் தடை இன்னும் ஏறும். அதைக் கண்டுகொள்ள ஓர் அடையாளம் சொல்கிறேன். பாட்டு கேட்கும்போது பாடுபவரின் குரல் மங்கி, வாத்தியங்கள் மட்டும் ஏதோ குகைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டால், எர்த் தொடர்பு விட்டுவிட்டது. இடதிலும் வலதிலும் சமமாக இருக்கும் குரல் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் அப்படி ஆகிறது. கடையில் ஒருவர் "இந்த ஹெட்செட்டில் பாட்டுக்காரர் பாடுவதில்லை" என்று கொண்டுவந்தபோது, பின்னை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, சாக்கெட்டில் 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். பாடகரும் வந்தார், கசிவும் போனது. ஆகவே துடைப்பதும் முழுதாக அழுத்துவதும் முதல் வேலை.

துடைத்தும் போகவில்லை என்றால் காதின் சத்தத்தைக் குறைத்தாலே கசிவும் அதே அளவு குறையும். நிரந்தரத் தீர்வு ஹெட்செட்டை மாற்றுவதுதான்.

யூஎஸ்பி சவுண்ட் கார்டு போட்டால் கம்பிக் கசிவு போகுமா?

யூஎஸ்பியில் செருகினால் தனி மைக், காது சாக்கெட் தரும் சிறு கருவி அது. சில நூறு ரூபாய் விஷயம் என்பதால் எல்லோரும் கேட்கிறார்கள். இரட்டைப் பின் ஹெட்செட்டில், மைக்குக்கும் காதுக்கும் எர்த் கம்பி தனித்தனியாக வந்து, கசிவு கணினியின் முன்பக்க சாக்கெட்டிலோ உள்வயரிலோ இருந்தால் போகும். ஒற்றைப் பின் ஹெட்செட்டில் போகாது. பொதுக் கம்பி ஹெட்செட் வயருக்குள்ளேயே இருக்கிறதே, கார்டு என்ன செய்யும்? ஒற்றைப் பின்னை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வயருக்கும் இதே பதில்.

மேசைக் கணினி என்றால் கார்டு வாங்குமுன் பின்பக்க சாக்கெட்டில் செருகிப் பாருங்கள். முன்பக்க சாக்கெட்டுக்குப் போகும் வயர் பெட்டிக்குள் மின்விசிறி, மின்வழங்கி எல்லாவற்றையும் உரசிக்கொண்டு வருகிறது. பின்பக்கம் நேராக மதர்போர்டில் இருக்கிறது.

மைக் பூஸ்ட் என்று ஒன்று இருக்கிறதே, அதைத் தொடலாமா?

தொட வேண்டும், இறக்குவதற்கு. விண்டோஸின் ஒலி அமைப்புகளில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' போய், ரெக்கார்டிங் பட்டியலில் மைக்கின் பண்புகளைத் திறந்து லெவல்ஸ் பக்கம் போனால் 0, 10, 20, 30 டெசிபல் என்று படிகள் இருக்கும். 20 டெசிபல் என்றால் பத்து மடங்கு. 30 என்றால் ஏறக்குறைய 32 மடங்கு. குரலை மட்டும் பெருக்கும் அறிவு அதற்குக் கிடையாது. பூஸ்டை 0 அல்லது 10-இல் வைத்து, மைக்கை வாயருகே கொண்டுவந்து, அதன் பிறகும் குரல் சிறிதாக இருந்தால் மட்டும் ஒரு படி ஏற்றுங்கள்.

மென்பொருள் வழிக் கசிவை எங்கே தேடுவது?

விண்டோஸில் ஒலி அமைப்புகளில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' திறந்து ரெக்கார்டிங் பட்டியலைப் பாருங்கள். 'ஸ்டீரியோ மிக்ஸ்' என்ற பெயர் தெரிந்தால், கணினியில் ஒலிப்பது அனைத்தையும் பதிவு செய்யும் வாசல் அதுதான். அது இயல்பு (டீஃபால்ட்) மைக்காகத் தேர்வாகியிருந்தால் நீங்கள் பேசுவது போகாது, பாட்டு மட்டும் போகும். அதை முடக்கிவிட்டு ஹெட்செட் மைக்கை இயல்பாக்குங்கள். பேசும் செயலிக்குள்ளும் மைக் தேர்வு தனியாக இருக்கும். விண்டோஸில் மாற்றிவிட்டு செயலியில் விட்டுவிட்டால் பழைய கதைதான்.

கேரளப் பள்ளிகளில், மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான கைட் தந்த, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் ஓடுகிறது. அதனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டிலும் லினக்ஸ் வைத்திருப்பது சாதாரணம். அதில் உள்ளீட்டுப் பட்டியலில் 'மானிட்டர் ஆஃப்' என்று தொடங்கும் பெயர் ஸ்டீரியோ மிக்ஸுக்கு அண்ணன். ஒலிக் கட்டுப்பாட்டுச் செயலியில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே ரெக்கார்டிங் பக்கத்தைத் திறந்து, எந்த மூலம் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள்.

திரையைப் பகிரும்போது 'கணினி ஒலியையும் பகிர்' என்ற சதுரத்தில் டிக் போட்டு மறந்திருக்கிறீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செயலியிலேயே எதிரொலி நீக்கும் வசதி இருக்கிறதே. பிறகும் விளையாட்டின் சத்தம், பாட்டு எல்லாம் ஏன் போகிறது?

எதிரொலி நீக்கி பொதுவாக ஒரு ஒப்பீட்டைச் செய்கிறது: எதிர்முனையிலிருந்து வந்த குரல் மைக்கில் மறுபடி தெரிந்தால் அதைக் கழிக்கிறது. வேறொரு செயலியில் ஓடும் பாட்டோ விளையாட்டோ அதன் கணக்கில் இருப்பதில்லை. அதனால் 'எதிரொலி இல்லை, ஆனால் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது' என்று நண்பர்கள் சொல்வார்கள். கசிவை அடைப்பதுதான் இதற்கு வழி.

ஹெட்செட் மாட்டியிருக்கிறேன். ஆனால் வீட்டில் பாத்திரம் உருட்டுவது கூடப் போகிறது என்கிறார்கள்.

பெரும்பாலும் உங்கள் குரல் ஹெட்செட் மைக்கிலிருந்து போகவில்லை, மடிக்கணினியின் உள்மைக்கிலிருந்து போகிறது. பேசிக்கொண்டே ஹெட்செட் மைக்கை நகத்தால் மெல்லத் தட்டுங்கள். பிறகு மடிக்கணினித் திரையின் மேல்விளிம்பைத் தட்டுங்கள். எது 'டொக்' என்று பெரிதாகக் கேட்கிறது என்று எதிர்முனையைக் கேளுங்கள். நான்கு பட்டைப் பின்னைப் பழைய மூன்று பட்டை சாக்கெட்டில் செருகினால் மைக் பட்டை எர்த்தோடு சேர்ந்து ஊமையாகிவிடும்; காது மட்டும் வேலை செய்யும்; கணினி சத்தமில்லாமல் உள்மைக்குக்கு மாறியிருக்கும். இதற்கு ஸ்ப்ளிட்டர் வயர்தான் சரியான மருந்து.

நான் பாட்டு சொல்லித் தருகிறேன். சுருதிப் பெட்டி சில சமயம் மறைகிறது, சில சமயம் மாணவியின் குரலே திரும்பி வருகிறது. எதை நம்புவது?

கல்பாத்தி அக்ரகாரத்திலிருந்து ஒருவர் கேட்ட கேள்வி இது. பாடகர் செம்பையும் மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரும் இசை வளர்த்த மாவட்டத்தில் இதற்கு அவசரமாகப் பதில் சொல்லக் கூடாது என்று அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பார்த்தேன்.

பேச்சுக்காகச் செய்த செயலிகள் மாறாமல் ஒலிக்கும் எதையும் இரைச்சல் என்று எண்ணி அழிக்கின்றன. மின்விசிறியின் உறுமலும் தம்பூராவின் நாதமும் அவற்றுக்கு ஒன்றுதான். அதனால் சுருதி காணாமல் போகிறது. நீட்டிப் பிடித்த காகலி நிஷாதமும் பாதியில் தேய்கிறது. ஜூம் செயலியில் இதற்கென்றே இசைக் கலைஞர்களுக்கான 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற வசதி இருக்கிறது. அதைப் போட்டதும் சுருதி திரும்பிவந்தது. ஆனால் அந்த வசதியில் இரைச்சல் நீக்கம் நின்றுபோகிறது, எதிரொலி நீக்கமும் தனியாக இயக்கினால் ஒழிய இருக்காது. அதுவரை செயலி மூடி மறைத்துவந்த கசிவு அப்படியே வெளிப்பட்டது. மாணவி பாடிய 'ஸா' இவருடைய பழைய ஹெட்போனிலிருந்து காற்றில் இறங்கி மேசை மைக்கில் விழுந்துகொண்டிருந்தது.

மூடிய வகை ஹெட்போன் போட்டோம். சுருதிப் பெட்டியை இவர் பக்கம் வைப்பதை நிறுத்தி, மாணவி தன் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னோம். இணையத் தாமதத்தோடு வரும் சுருதிக்கு யாராலும் ஒழுங்காகச் சேர்ந்து பாட முடியாது. அன்று மாலை மாயாமாளவகௌளை வரிசைகள் முழுவதும் ஒரு தடங்கலும் இல்லாமல் நடந்தன. வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

புளூடூத் ஹெட்செட்டில் கசியுமா?

கம்பி வழிக் கசிவுக்கு இடமில்லை, காற்று வழி உண்டு. மைக்கை இயக்கியதும் பாட்டின் தரம் பழைய தொலைபேசி போல ஆகிவிடுவது வேறு விஷயம். அழைப்புக்கான முறைக்கு மாறுவதால் வருவது, கசிவு இல்லை.

என் குரல் எனக்கே ஹெட்செட்டில் கேட்கிறது. இதுவும் கசிவா?

இல்லை. காதை மூடியவர்கள் கத்திப் பேசாமல் இருக்க, சில ஹெட்செட்டுகள் வேண்டுமென்றே அப்படித் தருகின்றன. பிடிக்காவிட்டால் ரெக்கார்டிங் பண்புகளில் 'லிசன்' பக்கத்தில் உள்ள டிக்கை எடுங்கள், அல்லது ஹெட்செட்டின் சொந்தச் செயலியில் 'சைட்டோன்' என்பதைக் குறையுங்கள்.

தொடர்ந்து 'உம்ம்ம்' என்று ஓர் உறுமல் போகிறது. அது எங்கிருந்து?

மின்சாரத்திலிருந்து. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது; அதன் உறுமல்தான் அது. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கி மின்கலத்தில் ஓடவிடுங்கள். நின்றுவிட்டால் சார்ஜர் அல்லது வீட்டின் எர்த். எங்கள் சித்தூர் வட்டம் கேரளத்தில் மழை குறைந்த பகுதிகளில் ஒன்று. மாசி, பங்குனியில் எர்த் குழி காய்ந்து கல்லாகக் கிடக்கும். குழியில் தண்ணீர் ஊற்றினாலே உறுமல் அடங்கிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: உறுமலை நிறுத்த மூன்று முள் பிளக்கின் பெரிய எர்த் முள்ளை உடைக்காதீர்கள், டேப் ஒட்டாதீர்கள். பிள்ளைகள் உலோக உடல் கொண்ட கணினியில் கை வைத்துப் படிக்கிறார்கள். எர்த் சரியில்லை என்றால் மின்பணியாளரைக் கூப்பிடுங்கள்.

காற்றுச் சத்தமும் மின்விசிறியும்?

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாதத்தில் ஜன்னலையே ஆட்டும்போது மைக்கை விடுமா? மைக் முனைக்கு ஒரு பஞ்சு உறை போடுங்கள். மின்விசிறிக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள்.

புதிதாக வாங்கியே ஆக வேண்டும் என்றால் எப்படிப்பட்டதை வாங்குவது?

பேசுவதற்கும் படிப்பதற்கும் மட்டும் என்றால், நேரடியாக யூஎஸ்பியில் செருகும், காதை முழுவதும் மூடும், மைக் தண்டு வளையக்கூடிய ஹெட்செட். அதில் மைக் ஒலி எண்களாக மாறிக் கணினிக்குப் போவதால் வயரில் கலப்பதற்கு வாய்ப்பு குறைவு. கடையில் வாங்கும்போதே பதிவுச் சோதனையைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். பாட்டை ஓடவிட்டு, வாய் மூடி, அரை நிமிடம். மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

இன்று மாலை ஆறு மணிக்கு நேர்காணல். எதையும் சரிசெய்ய நேரமில்லை.

காதின் சத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள், மைக்கை உதட்டோரத்துக்கு இழுங்கள், பூஸ்டை இறக்குங்கள். மற்ற செயலிகளை எல்லாம் மூடுங்கள். அவர்கள் பேசும்போது மைக்கை அணைத்து, நீங்கள் பேசும்போது மட்டும் திறங்கள். ஜூமில் மைக்கை அணைத்துவிட்டு ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால், பிடித்திருக்கும்வரை மட்டும் மைக் திறந்திருக்கும். இதை ஐந்தே முக்காலுக்கு ஒரு முறை பழகிப் பாருங்கள். நேர்காணல் முடிந்ததும் ஹெட்செட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், எட்டு மணி வரை கடை திறந்திருக்கும்.